தெற்கே முனியறைப் பாறை

மலைக்கு மேலே பத்திரத்தை ‘ஆதாரம்’ என்பார்கள். போடியிலும் தேவாரத்திலும் அது பத்திரம்தான். மெட்டு என்னும் கணவாய் ஏறி உடும்பஞ்சோலை தாலுகாவுக்குள் நுழைந்ததும் அதே காகிதத்துக்கு மலையாள வழக்கில் இந்தப் பெயர் வந்துவிடும். எங்கள் தாத்தாவின் தகரப்பெட்டியில் அப்படியோர் ஆதாரத்தின் நகல் கிடந்தது. இரண்டு ஏக்கர் ஏலக்காடு. அது கைமாறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. சக்குபந்தி விவரத்தில் மூன்று எல்லைகள் வழக்கமானவை: கிழக்கே ஓடை, மேற்கே நடைபாதை, வடக்கே இன்னாருடைய தோட்டம். நான்காவது எல்லையில்தான் என் கண் நின்றது. தெற்கே முனியறைப் பாறை.

பழைய காகிதங்களைப் படிப்பது என் தொழில். ஒரு காகிதத்தில் ஒரு பெயரைக் கண்டால், அது வேறெந்தக் காகிதத்தில் வருகிறது என்று துழாவுவது கைப்பழக்கமாகிவிட்டது. முனி யார்? அவருக்கு அறை கட்டியவர் யார்? எந்த அலுவலகத்தின் எந்தக் கட்டில் அவருக்கு ஒரு வரி இருக்கிறது? ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். நான்கு வருடம் ஆயிற்று.

இந்தத் தாலுகாவில் காகிதம் தேடுவது விளையாட்டுக் காரியமில்லை. ஏலமலைக் காட்டைப் பற்றித் திருவிதாங்கூர் அரசு 1897இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதிலுள்ள பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற தகராறு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. முன்னால் ஒரு 2 உண்டா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பட்டா தொங்கிக்கொண்டிருக்கிறது. உயிரோடிருப்பவர்களின் நிலத்துக்கே ஆதாரம் இவ்வளவு மெலிந்து கிடக்கும்போது, செத்தவர்களின் நிலத்துக்கு எதைத் தேடுவது?

பாறையில்

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். விடியற்காலையில் காய் எடுக்கப் போகும் பெண்களோடு போடியிலிருந்து ஜீப்பில் இடம் கிடைத்தது. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளிலும் உறங்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மெட்டு தாண்டியதும் குளிர் முகத்தில் அடிக்க, ஒவ்வொரு தோட்டமாக ஜீப் ஆட்களை இறக்கிக்கொண்டே போனது.

பாறையைக் காட்டியவர் அந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்த முதியவர். “ஐயா, அது முனி வீடு. பாண்டவக ஒரே ராத்திரியில கட்டுனது. கோழி கூவிருச்சுன்னு பாதியில போட்டுட்டுப் போயிட்டாக. நாங்க பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் போறதில்ல” என்றார். சொல்லிவிட்டுப் பாறைக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

மேலே மூன்று பலகைக் கற்கள் நெட்டுக்குத்தலாக நின்றன. நான்காவது உள்பக்கம் சாய்ந்திருந்தது. மூடுகல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மட்டும் கிடந்தது. மறுபாதியைத் தேடவேண்டிய அவசியம் வரவில்லை. இறங்கி வரும்போது ஓடைக்கரையில் துவைக்கல்லாக அதே கனத்தில், அதே நிறத்தில் ஒரு பலகை கிடந்தது. கங்காணி சிரித்தார்: “முனி கோவிச்சுக்கலையே ஐயா, துணி வெளுக்கத்தான செய்யுது.”

தொல்லியலார் இப்படித் தரைக்கு மேல் நிற்கும் கல்லறையைக் கல்திட்டை என்பார்கள். தரைக்குள் புதைத்துக் கட்டினால் கற்பதுக்கை. மண்பாண்டத்தில் வைத்துப் புதைத்தால் முதுமக்கள் தாழி. இதையே கேரளத்தில் நன்னங்ஙாடி என்கிறார்கள். ஊர்ப் பெயர்கள் வேறு: முனியறை, பாண்டவர் வீடு, வாலியர் வீடு, பாண்டுக்குழி. ஆவணத் தேடலில் பெயர்தான் முதல் சாட்சி என்பதால் இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முனிவர், பாண்டவர், வாலி வழியினர் என்று எல்லாம் ஒரே சேதியைத்தான் சொல்லின. கட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டனில்லை, நமக்கு முன்னால் இருந்த வேறு யாரோ. பெயர் வைத்தவர்களே கட்டியவர்களை மறந்திருந்தார்கள். ஆக, மறதி ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியதில்லை, அதைவிடப் பழையது.

இரண்டு தலைநகரம், ஒரு மலை

உடும்பஞ்சோலையைப் பற்றித் தேடுகிறவருக்கு ஒரு தலைவலி உண்டு. மலையின் கிழக்குச் சரிவு மதராஸ் மாகாணமாக இருந்தது. அதன் காகிதங்கள் சென்னை எழும்பூரில் இருக்கின்றன. மேற்குச் சரிவு திருவிதாங்கூர் சமஸ்தானம். அதன் காகிதங்கள் திருவனந்தபுரத்தில். இந்தப் பகுதி பிறகு கோட்டயம் மாவட்டத்தில் இருந்து, 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. மழை பொழிவது ஒரே மலையில். காகிதம் மட்டும் இரண்டு பக்கமாக வழிந்து போயிருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து தொடங்கினேன். பெஞ்சமின் வார்டு, பீட்டர் கானர் என்ற இரண்டு ராணுவ லெப்டினன்டுகள் 1816இலிருந்து 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். அந்தக் குறிப்புகள் 1863இல் அச்சாயின. ஆறு, கணவாய், பாதை, குடி, விளைச்சல் என்று அவர்கள் விட்டது குறைவு. என் பாறையை விட்டிருந்தார்கள். சர்வேக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களை அனுப்பியவர்கள் கேட்டது வழியும் வருமானமும். பிணக்குழிக்கு வரி கிடையாது.

அவர்கள் தெற்கே அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் வடக்கே மலபாரில் பேபிங்டன் என்ற அதிகாரி சில குழிகளைத் தோண்டிப் பார்த்தார். ஊரார் அவற்றைப் பாண்டுக்குழி என்றார்கள். பம்பாய் இலக்கியச் சங்கத்தின் தொகுதியில் 1823இல் அவர் கட்டுரை அச்சானது. இந்தியப் பெருங்கற்காலக் கல்லறைகளைப் பற்றி அச்சேறிய முதல் எழுத்துகளில் அது ஒன்று. இருநூறு வருடத்துக்கு முன்பே ‘இது கல்லறை, உள்ளே இரும்பும் பானையும் இருக்கின்றன’ என்று எழுதியாகிவிட்டது. அந்தச் சேதி ஏலமலை ஏறி வரத்தான் அதிக நாள் பிடித்தது.

1906இல் வந்த நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் ராஜ்ஜியக் கையேட்டின் மூன்று தொகுதிகளையும் புரட்டினேன். பிறகு எல்.ஏ. கிருஷ்ண ஐயர். கொச்சியின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய அனந்தகிருஷ்ண ஐயரின் மகன். காட்டையும் காட்டு மக்களையும் நேரில் அறிந்தவர். திருவிதாங்கூர்ப் பழங்குடிகளைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியபின், 1948இல் கேரளத்தின் வரலாற்றுக்கு முந்தைய தொல்லியலைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். முனியறைகளைப் பழங்கதையிலிருந்து பிரித்தெடுத்து, வாழ்ந்த மனிதர்களின் சின்னங்களாகப் பார்க்கும் கண் திருவிதாங்கூர்ப் பக்கத்தில் அவரிடம் எனக்குக் கிடைத்தது.

கிழக்குப் பக்கத்தில் கிடைத்தது இதைவிடப் பெரிது. ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு சேசு சபைப் பாதிரியார்கள் பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தன் 36ஆவது நினைவேடாக வெளியிட்டது. கொடைக்கானல் செண்பகனூரில் சேசு சபையார் நடத்தும் அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு அந்த உழைப்பின் வாசனை தெரிந்திருக்கும். பழனிமலையும் ஏலமலையும் தோள் ஒட்டிய மலைகள். பழனிமலைத் திட்டைகளுக்குப் படமும் அளவும் இருக்க, ஒரு நாள் நடைக்கு இந்தப் பக்கம் நிற்கும் என் பாறைக்கு ஒரு வரிகூட இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தக் கல்லின் தரமில்லை. அங்கே இரண்டு பாதிரியார்கள் நடந்தார்கள். இங்கே யாரும் நடக்கவில்லை.

மூடியை அவசரமாக மூடியவர்கள்

தேடல் முட்டி நின்ற இடத்தில் எதிர்பாராத ஒருவர் வழிகாட்டினார். ஹென்றி பேக்கர் என்ற மிஷனரி. முண்டக்கயம் பக்கத்து மலையரையர் என்ற பழங்குடியினரைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1862இல் வந்தது. உலகக் கல்லறைகளையெல்லாம் தொகுத்து ஜேம்ஸ் ஃபெர்குஸன் 1872இல் எழுதிய பெருநூலிலும் மலையரையர்களுக்கு இடம் கிடைத்தது.

அவர்கள் வீட்டில் ஓர் ஆண் இறந்தால் உடலை அடக்கம் செய்வார்கள். அந்த நேரத்தில் அவருடைய ஆவி பித்தளையிலோ வெள்ளியிலோ செய்த ஒரு சிறு உருவத்துக்குள் புகுவதாக நம்பிக்கை. ஏழை என்றால் வழவழப்பான நீளக் கூழாங்கல் போதும். சின்னச் சின்னப் பலகைக் கற்களால் பெட்டி போல ஓர் அறை கட்டி, பாலும் சோறும் கள்ளும் நெய்யும் படைத்து, உருவத்தை உள்ளே வைத்ததும் மூடுகல்லை அவசரமாகப் போட்டுவிட்டு எல்லோரும் விலகிவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை திறந்து படைத்து, மறுபடி அவசரமாக மூடுவார்கள். மற்ற நாளில் அதை யாரும் தொடுவதில்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கங்காணி பாறைக்குக் கீழேயே நின்றுகொண்டது நினைவுக்கு வந்தது. அறை என்ற சொல்லுக்கு இப்போது பொருள் புரிந்தது. அது ஆவிக்குக் கட்டிய வீடு. பெரிய திட்டைகளைக் கட்டியவர்கள் மலையரையரின் முன்னோர்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. நடுவில் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி கிடக்கிறது. ஆனால் கல்லால் அறை செய்து இறந்தவரைக் குடிவைக்கும் எண்ணம் இந்த மலைகளில் 19ஆம் நூற்றாண்டுவரை உயிரோடு இருந்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி. அலுவலகக் கட்டில் இல்லாத ஆதாரம் ஒரு சடங்குக்குள் இருந்தது.

மறையூர்ப் பாறையில் ஒரு கணக்கு

கட்டிய விதத்தைப் பார்க்க மறையூர் போனேன். தேவிகுளம் தாலுகா, சந்தனக்காட்டு ஊர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. பாண்டவர் மறைந்திருந்த ஊர் என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். இங்கே ஓடும் பாம்பாறு கேரளத்தில் பிறந்தும் மேற்கே போகாமல் கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்கிறது. தண்ணீர் போகும் வழியே ஆட்களும் போய் வந்திருக்கிறார்கள். அஞ்சுநாட்டின் பழைய குடிகள் இன்றும் தமிழ் பேசுகிறார்கள்.

கோவில்கடவுக்கு மேலுள்ள பாறை வெளியில் முனியறைகள் வரிசையாக நிற்கின்றன. ஒற்றை அறைகளும் உண்டு, அடுத்தடுத்து ஒட்டிய அறைகளும் உண்டு. உள்ளே வெறுமை. காற்றும் ஆட்டுப் புழுக்கையும்தான். தோண்டக் குழியில்லை, மண்ணே இல்லாத மொட்டைப் பாறைமேல் நேரடியாகக் கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். கல்லை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேட வேண்டியதில்லை, நிற்கும் பாறையேதான் சுரங்கம். இந்த வகைப் பாறை வெயிலிலும் குளிரிலும் வெங்காயம் போலத் தோல் உரியும். உரிந்த தோலின் விளிம்பில் நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றினால் விரிசல் ஓடும். விரிசலில் ஆப்பு இறக்கினால் பலகை கிளம்பும். கல் உடைக்கும் தொழிலாளர்கள் அண்மைக்காலம்வரை செய்த வேலைதான்.

கிளப்பிய பலகையை நகர்த்துவதுதான் பாடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் கனம் என்று ஒரு மூடுகல்லை வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன். எனவே இது மூன்று டன்னுக்கு மேல். மரச்சட்டத்தில் ஏற்றி இழுத்தால் எடையில் ஏறத்தாழப் பாதி அளவு இழுவிசை வேண்டும். ஓர் ஆள் தொடர்ந்து முப்பது கிலோ இழுப்பார் என்றால் ஐம்பது பேர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பக்கக் கற்களை நட்டு, உள்ளும் புறமும் மண்ணும் கல்லும் கொட்டிச் சரிவு செய்து, அதன்மேல் மூடுகல்லை ஏற்றியபின் மண்ணை அள்ள வேண்டும். அந்தக் காலத்து மலைக்குடி ஒன்றில் கயிறு பிடிக்கத் தக்க ஐம்பது ஆண்கள் இருந்திருப்பார்களா? நாலு ஊர் கூடாமல் அந்தக் கல் ஏறியிருக்காது.

நாலு ஊரைக் கூட்ட வேண்டுமென்றால் சோறு போட வேண்டும். நாகாலாந்தின் அங்காமி ஊர்களில் இருபதாம் நூற்றாண்டிலும் ஊருக்கு விருந்து வைத்தவர் பெயரால் பெருங்கல்லை மரச்சட்டத்தில் ஏற்றி, ஊரே திரண்டு இழுத்து நட்டிருக்கிறது, புகைப்படங்கள் இருக்கின்றன. இந்தோனேசியாவின் சும்பா தீவில் கல்லறைக்குக் கல் இழுப்பது அண்மைக்காலம்வரை திருவிழா.

மெரேர் எழுதி வைத்தார்

காகிதம் தேடுகிறவன் ஒருவன் என்ன கனவு காண்பான்? கல் இழுத்தவர்களில் ஒருவர் நாட்குறிப்பு எழுதி வைத்து, அது நம் கையில் கிடைக்க வேண்டும் என்று. எகிப்தில் அந்தக் கனவு பலித்தது. 2013இல் செங்கடல் கரையில், வாடி அல் ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பியர் தாலேயின் குழு பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்ததில் அவைதான் பழையவை. எழுதியவர் மெரேர். நாற்பது பேர் கொண்ட படகுக் குழுவின் மேலாள். கூஃபு மன்னனின் ஆட்சி முடியும் தறுவாயில், நைல் நதிக்கு அக்கரையிலுள்ள தூராச் சுரங்கத்திலிருந்து வெண்சுண்ணக் கல்லைப் படகில் ஏற்றி கீசாவின் பெரிய பிரமிடுக்குக் கொண்டு சேர்த்ததை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். இன்று ஏற்றினோம், இன்று தங்கினோம், இன்று இறக்கினோம். மன்னனின் உறவினனான அங்ஹாஃப் மேற்பார்வையாளனாக வருகிறான். இதெல்லாம் நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை.

அந்தப் பிரமிடு கட்டியபோது 146 மீட்டர் உயரம். அடி ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர். சுமார் 23 லட்சம் கல். இருபது வருடத்தில் கட்டியதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு முந்நூறுக்கு மேல். நாளுக்குப் பத்து மணி நேர வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். மன்னன் அறைக்குரிய கருங்கல் 800 கிலோமீட்டர் தெற்கே அஸ்வானிலிருந்து ஆற்றில் வந்தது. கல்லை எப்படி இழுத்தார்கள் என்பதற்குப் பிற்காலத்துக் கல்லறை ஒன்றில் ஓவியமே இருக்கிறது. ஜெஹூதிஹோத்தெப் என்ற மாகாண ஆளுநரின் சிலையைச் சறுக்குச் சட்டத்தில் ஏற்றி 172 பேர் இழுக்கிறார்கள். சட்டத்தின் முனையில் ஒருவன் நின்று மணலில் தண்ணீர் ஊற்றுகிறான். அது சடங்கு என்றுதான் முன்பு நினைத்தார்கள். சரியான அளவு ஈரமுள்ள மணலில் இழுக்கும் பாடு பாதியாகக் குறைகிறது என்று 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள்.

அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டியது என்ற சினிமாக் காட்சியும் கலைந்துவிட்டது. கீசாவில் தொழிலாளர் குடியிருப்பை மார்க் லேனர் அகழ்ந்தார். ரொட்டி சுட்ட அடுப்புகள், குவிந்த மாட்டெலும்புகள். பிரமிடுக்கு அருகிலேயே தொழிலாளரின் கல்லறைகளும் கிடைத்தன. கல்லில் எழுதிவைத்த குழுப் பெயர்களும் உண்டு. மென்கௌரே என்ற இன்னொரு மன்னனின் பெயரால் ஒரு குழு தன்னை ‘மென்கௌரேயின் குடிகாரர்கள்’ என்று அழைத்துக்கொண்டது. எகிப்திலும் கல்லைத் தூக்கியது ரொட்டியும் மதுவும்தான். வித்தியாசம், ஒரு நாட்டின் தானியம் முழுவதும் ஒரே கையில் சேர்ந்து, அந்தக் கை தனக்காகச் செலவு செய்தது.

கருவியில் மட்டும் நம்மவர்கள் ஒரு படி மேல். கூஃபுவின் ஆட்களிடம் செப்பு உளியும் குண்டுக்கல்லும்தான் இருந்தன. நம் பெருங்கற்காலக் கல்லறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இரும்பு. நம் கல்லறைகள் பிரமிடுக்கு மிகப் பிந்தியவை, பெரும்பாலும் கி.மு. ஆயிரத்தையொட்டித் தொடங்குபவை என்பதால் இது பெருமை பேசும் ஒப்பீடாகாது. ஆனாலும் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைத் தாழிகளில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட பிறகு, அந்த இடைவெளியைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தேக நபர்கள்

திரும்பி வந்து, கட்டியது யாராக இருக்கலாம் என்ற என் பட்டியலை எடுத்தேன். பாண்டவர்களை முதலிலேயே அடித்துவிட்டேன். இமயம் வரைக்கும் இவர்கள் பெயரில் கற்கள் இருக்கின்றன. முனிவர்களும் போனார்கள், தவம் செய்ய யாரும் நாலு பக்கமும் அடைத்த அறைக்குள் இரும்பு வாளோடு புகமாட்டார்கள். அடுத்து அரசர்கள். பிரமிடைப் பார்த்த கண்ணுக்குப் பெரிய கல் என்றாலே ராஜாதான் தோன்றும்.

மலையில் ராஜா இல்லாமலில்லை. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் மன்னான் மக்களுக்கு இன்றும் ஒரு ராஜா உண்டு. மதுரைப் பாண்டியரோடு உறவு சொல்லும் வாய்மொழி மரபு அவர்களுடையது. முதுவான்களும் மதுரையிலிருந்து மலையேறிய கதையைச் சொல்வார்கள். மலையின் பெரும்பகுதியை ஆண்டு, 1877இல் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்த பூஞ்ஞார் அரச குடும்பமும் பாண்டிய வழியைச் சொல்லிக்கொள்ளும். ஆனால் இந்த வருகைகளெல்லாம் இடைக்காலத்தவை. கல்லறைகளுக்குக் காலம் வேறு. பழனிமலை அடிவாரத்தில் பொருந்தலில் 2009-10இல் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த கல்லறையில் ஒரு பாத்திரம் நிறைய நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490. பழனிமலைத் தாண்டிக்குடியிலும் அவர் அகழ்ந்திருக்கிறார். இதே மரபில் நிற்கும் நம் முனியறைகள், பட்டியலில் உள்ள ராஜாக்கள் மலையேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பழசாகிக் கிடந்தவை.

சங்க காலத்து அரசர்களைக் கேட்டேன். புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் கிள்ளிவளவனுக்குத் தாழி வனையப்போகும் குயவனைப் பார்த்து இரங்குகிறார்: இவ்வளவு பெரிய புகழுள்ளவனை மூடும் தாழிக்கு நிலவுலகமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் ஆகுமா என்று. பெருமலை அளவு கல்லறை புலவர் சொல்லில்தான் எழுந்தது; சோழ மன்னனுக்கும் கிடைத்தது மண் தாழிதான். அதே நூலின் 256ஆம் பாட்டில், கணவனை வழியில் இழந்த பெண் ஒருத்தி தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவனிடம் கெஞ்சுகிறாள். மன்னனுக்கும் வழிப்போக்கன் மனைவிக்கும் ஒரே குயவன், ஒரே மண். சுடுவது, கிடத்திவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, பள்ளத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று மணிமேகலை பட்டியலிடும்போதும் எந்த முறை எந்தச் சாதிக்கு, எது அரசனுக்கு என்று பிரிப்பதில்லை.

எல்லோருக்கும் திட்டை கட்டினார்கள் என்று சொல்ல வரவில்லை. வாழ்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் திட்டைகள் சொற்பம். யாரோ சிலருக்குத்தான் நாலு ஊர் கூடியது. குடித்தலைவர், மூத்தவர், ஆநிரை காத்தவர் என்று யாராகவும் இருக்கலாம். எகிப்தில் ஒரு நாடு கூடி ஒருவனுக்குக் கட்டியது. இங்கே நாலு ஊர் கூடித் தங்களில் ஒருவருக்குக் கட்டியது. அரசன் இல்லாமலும் பெருங்கல் ஏறும். நான்கு வருடத் தேடலில் என் கைக்கு வந்த முடிவு இது.

மலையடியில் ஒரு பெயர்

ஆனாலும் எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மெரேர் போல ஒருவர், ஒரே ஒருவர்.

கிடைத்தது கிழக்கே, மலை இறங்கிய பிறகு. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜனின் மாணவர்கள் யதீஸ்குமாரும் செல்வகுமாரும் மூன்று கற்களைக் கண்டார்கள். மூன்றிலும் தமிழ் பிராமி எழுத்து. தமிழகத்தில் இதுவரை கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை அவை, கி.மு. காலத்தவை. அவற்றில் ஒன்றில் அந்தவன் என்ற பெயர் இருக்கிறது. கூடலூரில் நடந்த ஆகோள், அதாவது மாடு பிடிக்கும் பூசலோடு சேர்த்து அவன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். கூடலூர் என்ற அதே பெயரில் கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே, உடும்பஞ்சோலை மலைகளின் காலடியில் ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

புலிமான்கோம்பைக் கல்லை முதலில் படத்தில் பார்த்தபோது, நெடுங்கண்டத்தில் வீட்டு அஸ்திவாரத்துக்கோ கிணற்றுக்கோ தோண்டும்போது தாழி கிளம்பியதாக அவ்வப்போது வரும் பத்திரிகைச் செய்திகள் நினைவுக்கு வந்தன. மெட்டுக்கு மேலே பெயரில்லாத அறையும் தாழியும். மெட்டுக்குக் கீழே பெயருள்ள கல். அறை கட்டும் பழக்கம் தேயத் தேய, ஒற்றைக் கல்லை நட்டு அதில் பெயரை வெட்டும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. கல் சிறுத்தது, எழுத்து வந்தது. ஐம்பது பேர் இழுக்க வேண்டிய பலகையின் வேலையை ஓர் உளி செய்யத் தொடங்கியது.

என் முனிக்கு எழுத்து வருவதற்கு முன்பே மூடுகல் விழுந்துவிட்டது. அவருக்கு எழும்பூரிலும் வரியில்லை, திருவனந்தபுரத்திலும் வரியில்லை. அவரைப் பற்றி நானறிந்த ஒரே காகிதம் எங்கள் தகரப்பெட்டியில் இருக்கும் அந்த நகல்தான். அதில்கூட அவர் ஒரு தெற்கெல்லை. மற்றபடி அவருடைய ஆதாரம் அந்த நாலரைக் கல்லும், கல் நிற்கும் இடமும், அதன் அடியில் மிஞ்சியிருக்கும் மண்ணும்தான். ஒரு பானையைத் தோண்டி வெளியே எடுத்துவிட்டால் பானை மிஞ்சும், ஆதாரம் போய்விடும். எந்தத் திசையில் கிடந்தது, எதன்மேல் இருந்தது, உள்ளே எந்தத் தானியம் என்பதெல்லாம் ஒரு கடப்பாரைக் குத்தில் கலைந்துவிடும். பொருந்தலில் ஒரு பாத்திரத்து நெல்தான் காலத்தையே சொன்னது.

அதனால் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் அங்கே குழி எடுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏலச் செடிக்கோ வீட்டு அஸ்திவாரத்துக்கோ தோண்டும்போது நெட்டுக்கு நிற்கும் பலகைக் கல்லோ கனத்த பானை விளிம்போ தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எடுக்காமல், கழுவாமல், இருந்த இடத்திலேயே பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கிராம அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 1968ஆம் ஆண்டு கேரளப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது கண்டெடுத்தவரின் கடமையும்கூட. பெட்டியில் பழைய ஆதாரம் இருந்தால் சக்குபந்தியை ஒருமுறை படித்துப் பாருங்கள். முனியறை, பாண்டவர் பாறை, குத்துக்கல் என்று ஓர் எல்லை இருந்தால் அந்தப் பக்கத்தைப் படி எடுத்து வையுங்கள். ஓடைக்கரைத் துவைக்கல்லை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். அதில் இன்னும் துணி வெளுக்கிறது.